வைக்கிங் புதினங்களும் வாய் திறவாத பெண்ணும்

அருள்பணியாளர் ஒருவர் காதல் புதினங்களைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு வாசகர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்றை முதலிலேயே நினைவூட்டிவிடுகிறோம். வைக்கிங் வீரனைக் காதற்கதைத் தலைவனாக முடிசூட்டி உலகின்முன் நிறுத்தியவர்களுள் முதன்மையானவர் ஓர் ஆயர்தாம்! சுவீடன் நாட்டு வேக்ஸ்யோ மறைமாவட்டத்திற்கு 1824இல் லூத்தரன் ஆயராக அமர்த்தப்பட்ட எசாயஸ் தெக்னேர், அடுத்த ஆண்டிலேயே 'பிரித்தியோப் சாகா' என்னும் காவியத்தை முழுமையாக வெளியிட்டார். அரசன் மகள் இங்கபோர்க்கை விரும்பிய பிரித்தியோப், அவளுடைய உடன்பிறந்தாரால் மறுக்கப்பட்டுக் கடலோடியாக அலைகிறான். அவளோ முதியவனாகிய ரிங் அரசனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். ஒருநாள் காட்டில், பகைவனாகிய அம்முதியவன் இவன் அருகிலேயே உறங்குகிறான். வெட்டிவிட்டால் காதலி கைக்கு வருவாள். ஆனால் பிரித்தியோப் தன் வாளைத் தூர எறிந்துவிடுகிறான்.

ஐரோப்பா முழுவதும் இக்காவியத்தைத் தன் மொழிகளில் பெயர்த்துக்கொண்டது. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1913இல் நார்வேயின் வாங்ஸ்நெஸ் என்னும் ஊரில் பிரித்தியோப்புக்கு மாபெரும் சிலை ஒன்றை எழுப்பினார். பாட்டில் பிறந்தவனுக்குக் கல்லில் பீடம் அமைந்தது.

இக்காவியத்தில் நம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது ஒரு சிறு செய்தி. கடலோடிகளுக்கெனப் பிரித்தியோப் வகுக்கும் சட்டத்தில், கரையில் பெண்ணுக்குத் தீங்கில்லை. கப்பலிலோ பெண்ணுக்கு இடமே இல்லை. அதாவது, வைக்கிங் கப்பல்கள் எதை ஏற்றிச் சென்றன என்னும் வினா எழாதவாறு நல்லாயர் வாசலிலேயே கதவைச் சாத்திவிட்டார். அன்றுதொட்டு இன்றுவரை வைக்கிங் காதற்கதைகள் பலவும் அக்கதவைச் சுற்றியே வந்துகொண்டிருக்கின்றன. (இன்று நாடகத்திலும் படத்திலும் வைக்கிங் தலையில் நாம் காணும் கொம்பு முடியும் இத்தகைய கற்பனையே. 1876இல் வாக்னரின் இசைநாடகத்திற்கு உடை வரைந்த கார்ல் எமில் டோப்ளர் சூட்டிய அலங்காரம் அது. வைக்கிங் காலப் போர்வீரன் எவனும் அத்தகைய கொம்பைச் சூடிப் போரிட்டதற்குச் சான்றில்லை.)

வைக்கிங்குகள் எனப்படுவோர் எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை டென்மார்க், நார்வே, சுவீடன் கரைகளிலிருந்து புறப்பட்ட கடலோடிகள். அவர்கள் கொள்ளையரும் ஆவர், வணிகரும் ஆவர், குடியேறிகளும் ஆவர். திருச்சபை வரலாற்றில் அவர்கள் பெயர் இரத்தத்தால் எழுதப்பட்டது. 793ஆம் ஆண்டு சூன் திங்களில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்பார்ன் தீவின் துறவு மடம் சூறையாடப்பட்டது. 806இல் அயோனாத் தீவில் 68 பேர் கொல்லப்பட்டனர். இவற்றைக் குருமட வகுப்பில் நாம் படித்ததுண்டு. பீடங்கள் இடிந்தன, நூல்கள் எரிந்தன என்றே பாடம் முடிந்துவிடும். ஆனால் லிண்டிஸ்பார்ன் அழிவைக் கேட்டு அந்த மடத்தின் ஆயருக்கு ஆறுதல் மடல் எழுதிய அல்குயின், இன்னொரு துயரத்தையும் அதில் குறிப்பிடுகிறார். சிறைபிடித்துச் செல்லப்பட்ட சிறுவர்களை மீட்டுத்தர அரசர் சார்லமேன் ஏதேனும் செய்யக்கூடும் என்று அவர் நம்பிக்கை தெரிவிக்கிறார். பொன் கிண்ணத்தைப் போலவே மனிதரும் கொள்ளைப் பொருளாயினர்.

அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக் குறிப்பு 821ஆம் ஆண்டின் கீழ் ஒரே வரியில் ஒரு செய்தியைத் தருகிறது. டப்ளினுக்கு அருகிலுள்ள ஹவுத் என்னும் இடம் தாக்கப்பட்டுப் பெண்கள் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். எத்தனை பேர், யார் மகள், யார் மனைவி என்னும் விவரம் ஏதும் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 841இல், வைக்கிங்குகள் டப்ளினிலேயே தளம் அமைத்துக்கொண்டனர். காலப்போக்கில் அது அடிமை வணிகத்தின் பெருஞ்சந்தையாயிற்று. கிழக்கே வோல்கா ஆற்றங்கரையில் 922இல் பாக்தாதின் தூதர் இபின் பத்லான், வடநாட்டு வழிவந்த ரூஸ் வணிகர் அடிமைப் பெண்களை விற்பனைக்கு வைத்திருந்ததைக் கண்டு எழுதினார். இறந்த தலைவன் ஒருவனின் கப்பல் சிதையில் அடிமைப் பெண் ஒருத்தியைக் கொன்று உடன் எரித்ததையும் அவரே நேரில் கண்டு எழுதினார். அரபு வெள்ளிக் காசுகள் வடநாட்டு மண்ணில் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. 1999இல் சுவீடனின் கோத்லாந்துத் தீவில் கிடைத்த ஒரே புதையலில் 14,000க்கும் மேற்பட்ட காசுகள் இருந்தன. வெள்ளியின் மொத்த எடை ஏறத்தாழ 67 கிலோ. மென்மயிர்த் தோலுக்கும் மெழுகுக்கும் அந்த வெள்ளி வந்தது. மனிதருக்கும் வந்தது.

இனிப் புதினங்களுக்கு வருவோம். ஜொஹன்னா லிண்ட்சே என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1980இல் வெளியிட்ட 'ஃபயர்ஸ் ஆஃப் விண்ட்டர்' என்னும் புதினம் இவ்வகைக்கு நல்ல மாதிரி. வாட்பயிற்சி பெற்ற பிரென்னா என்னும் கெல்ட்டிய இளம்பெண் நார்வேக்குச் சிறைபிடித்துச் செல்லப்படுகிறாள். தலைவனின் மகன் காரிக்கிடம் அடிமையாக ஒப்படைக்கப்படுகிறாள். அவள் பணிய மறுக்கிறாள். அவன் அடக்க முனைகிறான். பகை காதலாகக் கனிகிறது. அதே குடும்பத்தாரின் கதையை லிண்ட்சே 1987இலும் 1994இலும் தொடர்ந்தார். அவரைப் பின்பற்றியும் அவரோடு போட்டியிட்டும் எழுந்த நூல்கள் பல. அட்டையில் பொன்முடி வீரன், பின்னால் பாம்புத்தலைக் கப்பல், கையில் துவண்ட பெண். எல்லாம் ஒரே அச்சு.

இவற்றைத் தீயிலிட வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. பகலெல்லாம் அலுவலகத்திலும் அடுப்படியிலும் உழைத்த ஒரு பெண், இரவில் அரைமணி நேரம் இன்னொரு கடற்கரைக்குப் போய்வர விரும்பினால் அதில் குற்றம் காண நாம் யார்? மேலும், இக்கதைகளின் தலைவியர் வெறும் பதுமைகள் அல்லர். எதிர்த்துப் பேசுகிறார்கள், தப்பியோடுகிறார்கள், வாள் எடுக்கிறார்கள். வாசிப்பவள் தான் சொல்ல இயலாததை அவள் சொல்வதைக் கேட்டு மகிழ்கிறாள். குறை அங்கில்லை. சிறைபிடித்தவன் இறுதியில் நல்லவனாகிவிட வேண்டும் என்பது இக்கதைகளின் எழுதாத சட்டம். அவ்வாறு அவன் நல்லவனாவதற்கு, அவளுக்குக் கொடுக்கப்பட்ட விலையைக் கதையிலிருந்து மெல்ல அகற்றிவிடுகிறார்கள். சந்தை மறைகிறது, காதல் மட்டும் மிஞ்சுகிறது. அவளோடு அதே கப்பலில் வந்த மற்றப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க எவருக்கும் நேரம் இருப்பதில்லை.

விலையை மறைக்காத பழங்கதை ஒன்று உண்டு. ஐஸ்லாந்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'லாக்ஸ்டேலா சாகா' என்னும் உரைநடைக் காப்பியத்தில் அது வருகிறது. நிகழ்ச்சிகள் நடந்ததாகச் சொல்லப்படுவதோ பத்தாம் நூற்றாண்டு. ஆகவே நீதிமன்றச் சாட்சியமாக அதனைக் கொள்ள இயலாது. ஆனால் அம்மக்கள் தம் முன்னோரை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு அதனினும் மேலான சான்று அரிது. ஹோஸ்குல்டு என்னும் ஐஸ்லாந்துப் பெருநிலக்காரன் மரம் வாங்க நார்வேக்குச் செல்கிறான். தீவுச் சந்தை ஒன்றில் கில்லி என்னும் வணிகனின் கூடாரத்தில் திரைக்குப் பின்னே பன்னிரண்டு பெண்கள் வரிசையாக அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். ஒருத்தியின் விலை ஒரு மார்க்கு வெள்ளி. ஓரத்தில் எளிய உடையில் இருக்கும் ஒருத்திக்கு மட்டும் மூன்று மார்க்கு. அவளிடம் ஒரு குறை உண்டென்று வணிகனே சொல்லிவிடுகிறான்: அவள் ஊமை. ஹோஸ்குல்டு வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறான். அன்றிரவே அவளைத் தன்னோடு படுக்கச் செய்கிறான். மறுநாள் அவளுக்கு நல்லாடை கிடைக்கிறது. கதை சொல்பவர் இதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. காதல் என்றும் சொல்லவில்லை, கொடுமை என்றும் சொல்லவில்லை. எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறார்.

ஐஸ்லாந்தில் அவளுக்கு ஓர் ஆண்மகவு பிறக்கிறது. ஓலாப் என்று பெயரிடுகிறார்கள். குழந்தைக்கு இரண்டு வயதானபோது, வெயில் நிறைந்த ஒரு காலைப்பொழுதில், ஓடைக்கரைப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டு ஹோஸ்குல்டு செல்கிறான். அங்கே ஊமைப்பெண் தன் மகனோடு பேசிக்கொண்டிருக்கிறாள்! இனி மறைப்பதில் பயனில்லை என்று அவன் சொல்லவே, அவள் தன் வரலாற்றைச் சொல்கிறாள். பெயர் மெல்கோர்க்கா. அயர்லாந்தின் மிர்க்யார்த்தான் அரசனின் மகள். பதினைந்து வயதில் சிறைபிடிக்கப்பட்டவள்.

இப்பகுதியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். வியப்பு குறைந்ததே இல்லை. அவளிடமிருந்து எல்லாம் பறிக்கப்பட்டிருந்தன. உடல் அவளுடையதன்று, பிள்ளையும் சட்டப்படி அவளுடையதன்று. வாங்கியவன் வாங்க முடியாத ஒன்றை மட்டும் அவள் தனக்கென வைத்துக்கொண்டாள். அதுவே அவள் குரல். அதனை முதன்முதல் தன் மகனுக்குத் தன் தாய்மொழியில் கொடுத்தாள். வீட்டின் தலைவி யோருன் ஒருநாள் காலுறைகளை எடுத்து இவள் தலையில் அடிக்க, இவள் திருப்பி யோருனின் மூக்கில் குருதி வர அடிக்கிறாள். அதன்பின் ஹோஸ்குல்டு அவளைத் தனிப் பண்ணையில் குடியமர்த்துகிறான். அந்த இடம் அவள் பெயராலேயே வழங்கலாயிற்று.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பெண்ணையும் வைத்துப் பார்க்கலாம். அவள் பெயர் நமக்குக் கிட்டவில்லை. வடநாட்டின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித ஆன்ஸ்காருக்குப் பின், 865 முதல் 888 வரை, ஹாம்பர்க்–பிரேமன் பேராயராக விளங்கிய ரிம்பெர்ட்டின் வாழ்க்கை வரலாற்றில் அவள் வருகிறாள். டென்மார்க்கின் தெற்கு எல்லையில் இருந்த ஹெடெபிச் சந்தைக்குப் பேராயர் வந்தபோது, சங்கிலியிட்ட கிறிஸ்தவக் கைதிகளின் கூட்டத்தைக் காண்கிறார். அவர்களுள் ஒரு கன்னியர் துறவி. தொலைவிலேயே மண்டியிட்டுத் தலைவணங்கியவள், தான் யார் என்பது அவருக்குத் தெரியும்பொருட்டுத் திருப்பாடல்களை உரக்கப் பாடத் தொடங்குகிறாள். பேராயர் கண்ணீர் விட்டு மன்றாட, அவள் கழுத்துச் சங்கிலி அறுந்தது என்கிறது வரலாறு. ஆயினும் காவலர் அவளை விடவில்லை. பேராயர் வேறு என்னென்னவோ விலை தருவதாகச் சொல்லியும் அவர்கள் இசையவில்லை. அவர் ஏறி வந்த குதிரையைத்தான் கேட்டனர். அவர் உடனே இறங்கிச் சேணத்தோடு குதிரையைக் கொடுத்து அவளை மீட்டார். புதுமையை நம்புவோர் நம்பட்டும், ஐயுறுவோர் ஐயுறட்டும். குதிரை கொடுத்தது சந்தைக் கணக்கு. சங்கிலி அறுந்த பிறகும் விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை எழுதியவர் மறைக்கவில்லை.

ஒருத்தி பாடினாள், ஒருத்தி வாய்திறக்கவில்லை. இவ்விருவரையும் அறிந்தபின் அட்டைப்பட வீரனின் புதினத்தைக் கையில் எடுத்தால் அது மிகவும் இலேசாக இருப்பதை உணர்கிறோம்.

குற்றம் வைக்கிங்குகளுடையது மட்டும் என்று எண்ணிவிடலாகாது. கிறிஸ்தவ ஐரோப்பாவும் அடிமைகளை விற்றது, வாங்கியது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து ஆங்கிலேயரை ஆங்கிலேயரே அயர்லாந்துக்கு விற்றுக்கொண்டிருந்தனர். வைக்கிங் காலம் முடியும் தறுவாயில் வூஸ்டரின் ஆயராகிய புனித வுல்ப்ஸ்டன் அங்கு சென்று அவ்வணிகத்திற்கு எதிராக மீண்டும் மீண்டும் போதிக்க வேண்டியிருந்தது. அவருடைய போதனைக்குச் செவிகொடுக்க வேண்டியிருந்தவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்களே.

நமக்கு உவப்பான வைக்கிங் புதினங்கள் எவை என்று கேட்டால் இரண்டைச் சொல்வோம். முதலாவது, சுவீடன் எழுத்தாளர் பிரான்ஸ் பெங்க்ட்சன் 1941இலும் 1945இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட 'செம்முடி ஓர்ம்' வரலாறு. நகைச்சுவைக்கு அதற்கு ஈடு சொல்வது கடினம். கடத்திச் செல்லப்பட்டு, ஸ்பெயின் நாட்டு இஸ்லாமியப் படைக்கப்பலில் அடிமையாகத் துடுப்பிழுக்கும் ஓர்ம், பின்னர் டென்மார்க் அரசன் ஹெரால்டின் மகள் இல்வாவை விரும்புகிறான். அவளை மணப்பதற்காகத் திருமுழுக்கும் பெறுகிறான். இவர்களோடு வாழும் வில்லிபால்டு என்னும் சிறிய உருவக் குரு முன்கோபி, நல்ல மருத்துவர், நாவடக்கம் அறியாதவர். நம் உடன்பணியாளர் சிலரை அவர் நினைவூட்டுவது தவிர்க்க முடியாதது. இப்புதினத்தில் வைக்கிங்கே துடுப்பில் கட்டப்பட்டவன். சங்கிலியின் எடையை அவன் தோள் அறியும். அதனால்தான் அவன் வீரம் நமக்கு உறுத்துவதில்லை. நாட்சிகள் வடநாட்டு வீரனைத் தம் கொடியில் ஏற்றிக்கொண்ட நாள்கள் அவை. அவர்கள் பிடியில் நார்வே இருந்தவரை, தம் நூல் நார்வே மொழியில் வெளிவர பெங்க்ட்சன் இசையவில்லை.

இரண்டாவது, அளவில் சிறியது, ஆழத்தில் பெரியது. சிக்ரிட் உண்ட்செட் 1909இல் எழுதிய, ஆங்கிலத்தில் 'குன்னாரின் மகள்' எனப்படும் புதினம். உண்ட்செட்டின் தந்தை இரும்புக்காலம் ஆய்ந்த தொல்லியலாளர்; மகளுக்குப் பதினொரு வயதிருக்கையில் இறந்துவிட்டார். மகள் பதினாறு வயது முதல் பத்தாண்டுகள் அலுவலகம் ஒன்றில் செயலராகப் பணியாற்றிக்கொண்டே எழுதினார். பிற்காலத்தில் அவர் எழுதிய 'கிரிஸ்டின் லாவ்ரன்ஸ்டாட்டர்' என்னும் பெரும்படைப்பைக் கத்தோலிக்க வாசகர் பலர் அறிவர். 1924இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். 1928இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் 'குன்னாரின் மகள்' எழுதியபோது இவை எவையும் நிகழவில்லை. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது.

கதை நார்வேயில், ஆயிரமாம் ஆண்டை ஒட்டி நடக்கிறது. ஐஸ்லாந்திலிருந்து வரும் இளம்வீரன் லியோத், குன்னாரின் மகள் விக்டிசைக் காண்கிறான். இருவர் உள்ளமும் கலக்கின்றன. இதுவரை அட்டைப்படப் புதினம்தான். பிறகு ஒருநாள் அவன் அவள் மறுப்பைப் பொருட்படுத்தாமல் வன்முறையால் அவளை அடைகிறான். லிண்ட்சே வகைக் கதைகள் இங்கிருந்து காதலை நோக்கித் திரும்பும். உண்ட்செட் திரும்பவில்லை. விக்டிஸ் அவனை மன்னிக்கவில்லை. அவன்மேல் தான் கொண்டிருந்த அன்பையும் மறக்கவில்லை. மறைவில் பிள்ளை பெறுகிறாள். பிள்ளையைக் காட்டில் விட்டுவிடுகிறாள். பின் அவனையே மீட்டு வளர்க்கிறாள். லியோத்தும் வெறும் கொடியவன் அல்லன். அவன் வேறொருத்தியை மணந்து வாழ்கிறான். ஆயினும் செய்தது அவனைவிட்டு அகலவில்லை. ஆண்டுகள் பல கழித்து, வளர்ந்த மகன் தந்தையின் தலையைக் கொண்டுவந்து தாய்முன் வைக்கிறான். பழி தீர்ந்தது. அவள் கை வெறுமையாக இருக்கிறது.

கடுமையான கதைதான். இளையோர் கையில் கொடுக்கலாமா என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. அட்டைப்பட வீரனைக் கொடுக்கத் தயங்காதவர்கள் இதனைக் கொடுக்க அஞ்சுவானேன் என்பதே நம் மறுமொழி. பலவந்தத்தைக் காதலின் முன்னுரை என்று எண்ணப் பழகிய உள்ளத்திற்கு, அது என்ன என்பதைப் பெயர் சொல்லிக் காட்டும் நூல் மருந்தாகும். உண்ட்செட் அதற்குப் பாடம் நடத்தவில்லை. பழைய சாகாக்களின் குறுகிய, வறண்ட வாக்கியத்தைக் கற்றுக்கொண்டு, மெல்கோர்க்காவின் கதையைச் சொன்னவரைப் போலவே தீர்ப்புக் கூறாமல் நடக்கிறார்.

அண்மைக்கால அறிவியல் இப்பழங்கதைகளுக்கு எதிர்பாராத துணை செய்திருக்கிறது. ஐஸ்லாந்து மக்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் 2001இல் வெளியிட்ட கணிப்பின்படி, அந்நாட்டில் முதலில் குடியேறிய பெண்களுள் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து வழியினர். ஆண்களுள் முக்கால் பங்கினரோ ஸ்காண்டிநேவியர். அப்பெண்களுள் மனைவியராகச் சென்றவர் எத்தனை பேர், விலைக்குச் சென்றவர் எத்தனை பேர் என்று மரபணு சொல்லாது. ஆனால் அத்தீவின் தாலாட்டுகளுள் எத்தனையோ, தொடக்கத்தில் அங்குள்ள ஆண்களுக்குப் புரியாத மொழியில் ஒலித்திருக்கும்.

மெல்கோர்க்காவின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. புதினம் எழுதுவோர் அதன்பக்கம் அதிகம் போவதில்லை. மகன் ஓலாப்புக்குப் பதினெட்டு வயதானதும், அவன் அயர்லாந்து சென்று பாட்டனைக் காண வேண்டும் என்று தாய் விரும்புகிறாள். ஹோஸ்குல்டு அதற்கு உதவ முன்வரவில்லை. பயணத்திற்குப் பொருள் வேண்டும் என்பதற்காகவே, தன்னை விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்த தோர்பியோர்ன் என்பவனை அவள் மணந்துகொள்கிறாள். முதன்முறை அவள் விலையை மற்றவர் பேசினர்; இம்முறை தன் விலையைத் தானே பேசினாள். மகனிடம் தன் பொன் மோதிரத்தையும் கத்தியையும் கச்சையையும் அடையாளமாகக் கொடுத்தாள். அவற்றினும் மேலாக, ஓடைக்கரையில் கற்பித்த அயர்லாந்து மொழியையும் கொடுத்திருந்தாள். அரசன் பேரனை ஏற்றுக்கொண்டான். சிறுமியாக இருந்த மெல்கோர்க்காவை வளர்த்த செவிலித்தாய் அங்கு இன்னும் உயிரோடு இருந்தாள்.

ஓலாப் சிறப்போடு ஐஸ்லாந்து திரும்பினான். தாய் அவனிடம் தந்தையைப் பற்றியும் உறவினரைப் பற்றியும் கேட்டாள். பிறகு, தன் செவிலி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டாள். இருக்கிறாள் என்றான். பின் ஏன் அவளை அழைத்து வரவில்லை என்றாள். அங்குள்ளோர் அதனை விரும்பவில்லை என்றான் மகன். அப்படியும் இருக்கலாம் என்று மட்டும் மெல்கோர்க்கா சொன்னாள். அது அவளுக்கு மிகவும் மனத்தாங்கலாக இருந்தது பார்த்தவர்க்குத் தெரிந்தது என்று எழுதிவிட்டுச் சாகா அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறது.